பொன்னுருவி ஏன் அழுதாள்?

"கருமாதிக்குக் கூத்து வைப்பதை நம் காலனிகளில் நிறுத்த வேண்டும்" என்று நம் படிப்பு வட்டத்துத் தம்பிகள் இரண்டு பேரும் ஒரு தங்கையும் சேர்ந்து எழுதிய துண்டறிக்கை இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. ஏன் என்று போனில் சொன்னால் சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். இதிலும் சண்டை இருக்கும்.

துண்டறிக்கைக்குக் காரணமான அந்த இரவில் நானும் அங்கே இருந்தேன். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலையிலிருந்து உள்ளே பிரிந்தால் வரும் ஒரு காலனி. பெயர் வேண்டாம், அந்த வீட்டாருக்கு ஏற்கெனவே வழக்கு, விசாரணை என்று போதுமான அலைச்சல் இருக்கிறது. கான்ட்ராக்ட் வேலைக்குப் போன மனிதர் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கினார், பிணமாகத்தான் வெளியே வந்தார். பதினாறாம் நாள் கருமாதி, முந்தின இரவு கூத்து. வடமாவட்டங்களில் சாவு வீட்டுக்கு எந்தக் கூத்து என்று யாரும் கேட்பதில்லை. 'கர்ண மோட்சம்' தான்.

தோழர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழைய கலை, பாரம்பரியம் என்று உருகுகிற கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிடுவார்கள். பாரதக் கூத்து வளர்ந்தது திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில். அந்தக் கோயில்களின் லட்சணம் நமக்குத் தெரியும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் இளைஞர்கள் அடிக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நாம் நுழைவதைவிட அம்மன் பூட்டிக் கிடந்தாலும் பரவாயில்லை என்று ஊரில் ஒரு கூட்டம் இருந்ததே, அந்த அம்மனின் கதையைத்தான் நம் சாவுக்கு விடிய விடிய ஆடுகிறோம்.

கர்ணனின் கதையும் அப்படித்தான் போகிறது. பிறக்கும்போதே உடம்போடு ஒட்டியிருந்த கவசத்தையும் குண்டலத்தையும் இந்திரன் பார்ப்பன வேடத்தில் வந்து வாங்கிக்கொண்டு போகிறான். கடைசியில் தேர்க்காலடியில் அம்பு பாய்ந்து உயிர் போகாமல் கிடக்கிறான் கர்ணன். அவன் செய்த தர்மம் அவனைக் காக்கிறது. அப்போது கிருஷ்ணன் கிழப் பார்ப்பான் வேடம் போட்டு வந்து அந்தப் புண்ணியத்தையும் தானமாகக் கேட்கிறான். சாகிறவனிடம் மிச்சமிருப்பதையும் வழித்துக்கொண்டு போவதற்குப் பெயர் மோட்சம். துண்டறிக்கையில் தங்கை இதை நன்றாக எழுதியிருக்கிறாள். மோட்சம் என்கிற சொல் நமக்குப் புதிதும் இல்லை. நந்தனைத் தீக்குள் அனுப்பிவிட்டு அதற்கும் மோட்சம் என்றுதானே பெயர் வைத்தார்கள்? கோபாலகிருஷ்ண பாரதி பாடிவைத்த அந்தத் தீயை இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்தில் சதி என்று காட்டினார். நம் வீட்டுக் கிழவிகளுக்கு அது நாடகம் பார்க்காமலே தெரியும்.

கடன் வாங்கிக் கூத்து வைக்கிறார்கள் என்பது அவர்களுடைய இன்னொரு வாதம். அதுவும் உண்மை.

இவ்வளவையும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் இருப்பதற்குக் காரணம், கூத்துக்குப் பதிலாக அவர்கள் வைக்கச் சொல்வது. "அந்த இடத்தில் இருபது நிமிட விழிப்புணர்வு நாடகம் போடலாம்" என்கிறார்கள். தோழர்களே, அந்த இருபது நிமிட நாடகத்தை நான் போட்டிருக்கிறேன். அதே காலனியில், அதே வேப்பமரத்தடியில்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தொண்டு நிறுவனத்தில் மாதத்துக்கு இத்தனை நாடகம் என்று கணக்கு உண்டு. ஒரே மாதிரி டீ-ஷர்ட், ஒரு டோலக், ஆறு பேர். கதை எப்போதும் ஒன்றுதான். கணவன் குடிப்பான், மனைவி அழுவாள், பிள்ளை படிப்பை நிறுத்தும், கணவன் சாவான். கடைசியில் ஆறு பேரும் வரிசையாக நின்று கைநீட்டி ஒரு முழக்கம் சொல்வோம். போட்டோ எடுப்போம். நான் மனைவி வேடம். நன்றாகவே அழுவேன்.

கருமாதிக் கூத்து முடிந்த காலையில் இறந்தவரின் மனைவி, அந்த அக்கா, என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபமெல்லாம் இல்லை. டீ கொடுத்துக்கொண்டே சொன்னார்: "உங்க நாடகத்துல எங்க ஊட்டுக்காரு மாதிரி ஆளுங்க எல்லாம் குடிகாரனுங்க மேடம். இங்க ராத்திரி முழுக்க அவரு ராஜாவா இருந்தாரு."

எனக்கு டீ இறங்கவில்லை. இறந்தவர் உடலை எடுத்த அன்றே கான்ட்ராக்டர் தரப்பில் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "குடிச்சிருந்தான், தவறி விழுந்துட்டான்." நம் நாடகமும் அவனுடைய வாக்குமூலமும் ஒரே வசனம். மலக்குழி மரணங்களில் இது வழக்கமான முதல் வரி. குடித்திருந்தான் என்று எழுதிவிட்டால் இறக்கிவிட்டவன் தப்பித்துவிடுகிறான். கையால் மலம் அள்ளத் தடை விதித்து 2013-இல் சட்டம் வந்தது. மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அந்தப் பணத்தைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறும் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். சட்டத்தைப் பற்றிப் பேசுகிற அதிகாரியைவிட இறந்தவர் பழக்கவழக்கத்தைப் பற்றிக் கேட்கிற அதிகாரிதான் அதிகம். அந்தக் கேள்வியை அவர் வாயில் போட்டதில் நம் டீ-ஷர்ட் நாடகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். விழிப்புணர்வு யாருக்கு ஊட்டினோம்? சாகிறவனுக்கு. இறக்கிவிடுகிறவன் குடியிருக்கும் நகரில் போய் ஒரு நாள்கூட ஆடவில்லை.

அந்த இரவில் நடந்தது வேறு. பத்து மணிக்கு மேல் ஆர்மோனியமும் மத்தளமும் கூடி, கட்டியக்காரர் வந்து, திரை பிடித்து, கட்டை கட்டிய துரியோதனன் வந்தான். ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பிள்ளைகள் பாயில் தூங்கின. பின்னால் அனல்மின் நிலையத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆடியவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள்தான், பகலில் கொத்து வேலைக்கும் கம்பெனி லோடு ஏற்றவும் போகிறவர்கள். கர்ணன் தன் கவசம் போன கதையைச் சொல்கிற இடத்தில் கட்டியக்காரர் குறுக்கே புகுந்தார். "ராஜா, ராஜா! கவசத்த கழட்டிக் குடுத்துட்டு எங்க எறங்கப் போறீங்க? எங்க ஊர்லயும் ஒருத்தரு கவசம் இல்லாமத்தான் எறங்கனாரு. வேலை வாங்கனவன் இன்னி வரைக்கும் வந்து எட்டிப் பாக்கல."

சிரிப்பு வர வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. மத்தளக்காரர் ஒரு நொடி கையை எடுத்துவிட்டார். பிறகு கர்ணன் அதற்கு ஒரு பதிலும் சொல்லாமல் அடுத்த விருத்தத்துக்குப் போனார். மலக்குழிக்குள் யாரையாவது இறக்குவதென்றால் என்னென்ன பாதுகாப்புக் கருவி கொடுக்க வேண்டும் என்று 2013 சட்டத்தின் விதிகளில் நீளமான பட்டியலே உண்டு. நான் பயிற்சி வகுப்புகளில் அதைப் பத்துத் தடவையாவது பவர்பாயின்டில் காட்டியிருப்பேன். அந்தப் பட்டியல் ஒரு காலனியின் நெஞ்சில் இறங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். துண்டறிக்கை எழுதிய தம்பிகள் அப்போது அங்கே இல்லை. பதினொன்றரைக்கே கிளம்பிவிட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, மீஞ்சூரில் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். ஆனால் கூத்தைத் தடைசெய்யச் சொல்கிறவர்கள் ஒரு முறையாவது விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாமா?

விடியும் நேரத்தில்தான் குந்தி வருகிறாள். கர்ணன் தலையை மடியில் எடுத்துப்போட்டு, பிறந்த அன்றே ஆற்றில் விட்டதைச் சொல்லி ஒப்பாரி வைக்கிறாள். குந்தி வேடம் கட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும், மீசை மழித்த இடம் அரிதாரத்துக்கு அடியில் பச்சையாகத் தெரிந்தது. அவர் குரல் எடுத்ததும் வீட்டுக்குள்ளிருந்த பெண்கள் எல்லாரும் வெளியே வந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பதினாறு நாளாக வாய் திறக்காத அந்த அக்கா, "அன்னிக்கு நாந்தானே போயிட்டு வான்னு அனுப்பனேன்" என்று அடித்துக்கொண்டு அழுதார். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டியிருந்ததாம்.

துக்கம் என்பது தனி ஆளின் மனசுக்குள் நடப்பதில்லை, கூட்டம் அவர்மேல் சுமத்துகிற கடமை என்று துர்கைம் சொன்னதை எம்.ஏ. வகுப்பில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டோம். அது பாதிதான் சரி என்று அன்று தோன்றியது. அந்தக் கூட்டம் சுமையை ஏற்றவும் செய்தது, இறக்கவும் செய்தது. எந்த ஆலோசகரும் பதினாறு நாளில் வாங்க முடியாத வார்த்தையை மீசை மழித்த ஒரு குந்தி வாங்கிவிட்டார்.

ஆனால் எனக்குச் சண்டை இருப்பதும் அங்கேதான். குந்திக்கு இருப்பது குற்றவுணர்வு. அந்த அக்காவுக்கு என்ன குற்றம்? கணவனை வேலைக்கு அனுப்பியது குற்றமா? குந்தியின் அழுகையோடு தன் அழுகையைச் சேர்த்தபோது, குந்தியின் குற்றத்தையும் அவர் தன் தலையில் எடுத்துப்போட்டுக்கொண்டார். கூத்து ஆறுதல் தந்தது. கூடவே யாரோ ஒருவன் சுமக்க வேண்டிய பழியைக் கைம்பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனது. நம் மக்களுக்கு இது பழக்கம். வேங்கைவயலில் நம் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தது 2022 டிசம்பரில். இரண்டு வருடம் கழித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது நம் ஆட்கள் மூன்று பேர் மேல். பாதிக்கப்பட்டவனையே குற்றவாளிக் கூண்டுக்கு அனுப்புவதில் அரசாங்கத்துக்கு இருக்கும் கைத்தேர்ச்சி, வீட்டுக்குள் நம் பெண்களுக்கு நம்பிக்கையாகவே இறங்கிவிடுகிறது. என் தலையெழுத்து, நான் செய்த பாவம், நான் அனுப்பினேன்.

இனி பொன்னுருவிக்கு வருகிறேன். துண்டறிக்கையில் இவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். கர்ணனின் மனைவி பொன்னுருவி தமிழ்க் கூத்தில் வருகிறவள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் பிரதியில் இவள் காட்சிதான் பெரிசு. ராஜா மகள், தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோமே என்று புருஷனை வாழ்நாள் முழுக்கக் கிட்டே சேர்க்காதவள். பதினேழாம் நாள் போருக்குப் போகும் முன் கர்ணன் விடைபெற வருகிறான். கதவைச் சாத்துகிறாள், சாதியைச் சொல்லிப் பேசுகிறாள். வேறு வழியில்லாமல் அவன் பிறப்பு ரகசியத்தைச் சொல்கிறான். குந்தி மகன், சூரியனுக்குப் பிறந்தவன். உடனே கதவு திறக்கிறது. காலில் விழுந்து அழுகிறாள், போருக்குப் போகாதே என்று மறிக்கிறாள்.

கூட்டமே அந்த இடத்தில் உச்சுக் கொட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொன்னுருவி எதற்காக அழுகிறாள்? ஒரு மனிதனைப் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தினோமே என்றா? இல்லை. நம்மவனைப் போய்த் தேரோட்டி மகன் என்று தப்பாக நினைத்துவிட்டோமே என்று. அவன் நிஜமாகவே தேரோட்டி மகனாக இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது, அதில் தப்பும் இருந்திருக்காது. விலாசம் தவறியதற்கு வருத்தம், அவ்வளவுதான். இன்றைக்கு நம்மைச் சுற்றி நடக்கும் எத்தனையோ மன்னிப்புகள் இந்த ரகம். "உங்களப் பாத்தா அப்பிடித் தெரியலையே" என்று வீட்டு ஓனர் சொல்வது பொன்னுருவி வசனம் அன்றி வேறென்ன? சாதிப் பெயரைத் தெரிந்துகொள்ளும்வரை அக்காவாக இருந்து, தெரிந்ததும் மேடமாகிப்போன அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு?

இந்தக் கேள்வியை யார் கேட்பது? கூத்துக்குள்ளேயே அதற்கென்று ஆள் உண்டு. கட்டியக்காரர் ராஜாவையும் கேட்பார், தெய்வத்தையும் கேட்பார், பாரதத்துக்குள் காட்டுப்பள்ளியைக் கொண்டுவருவார். கவசத்தைக் கேட்டவருக்குப் பொன்னுருவியைக் கேட்கத் தெரியாதா?

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறக் கலைகளை அருங்காட்சியகப் பொருளாக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. தன்னானே பாடிய அதே மனிதர் 'பலி ஆடுகள்' எழுதினார். கோயில் பலிக்கு நம் உடலைத் தேடிவருகிறவர்களைக் காட்டியதோடு நிற்காமல், அந்தச் சுமை கடைசியில் நம் பெண்மேல் இறங்குவதையும் காட்டி நம் ஆண்களுக்கும் உறைக்க வைத்தார். 2016-இல் அவர் போனபின் அந்த நாடகத்தை நாம் எத்தனை இடத்தில் போட்டோம்? கட்டியக்காரி குழு பாமாவின் 'மொளகாப்பொடி' கதையை மேடையேற்றியது. அதே ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கி, ஜெயராணி எழுதி 2017-இல் காமராஜர் அரங்கத்தில் 'மஞ்சள்' வந்தது. பாஷா சிங்கின் புத்தகத்திலிருந்து பிறந்த நாடகம். மலக்குழிச் சாவைக் குடியின்மேல் போடாமல், யார் இறக்கிவிட்டார்கள் என்று கேட்ட மேடை அது. கடலுக்கு அந்தப் பக்கம் மட்டக்களப்பில், சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து கூத்துப் பிரதியைத் திருத்தினார். சாதியும் ஆண் திமிரும் பேசுகிற இடங்களை ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களுமே விவாதித்து மாற்றினார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். வெளியிலிருந்து போய் யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

நகரத்துச் சிற்றரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. துக்கம், குற்றவுணர்வு, நம்பிக்கை என்று போஸ்டர் போட்டு நாற்பது நாற்காலிக்கு முன்னால் நடக்கும் நாடகங்களைத் தம்பிகள் உதாரணம் காட்டினார்கள். நானும் போகிறேன், நல்லதும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை அந்த மேடையில் சாகிறவர்களுக்கு நோய் இருக்கிறது, விபத்து இருக்கிறது, கடிதம் எழுதிவைத்த தற்கொலை இருக்கிறது, கான்ட்ராக்டர் இருப்பதில்லை. குற்றவுணர்வு அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. சிறு மேடை என்பதால் அப்படித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. 1972-இல் தென்னாப்பிரிக்காவில் அத்தோல் ஃபுகார்டும் ஜான் கானியும் வின்ஸ்டன் இன்ச்சோனாவும் சேர்ந்து உருவாக்கிய 'சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்' நாடகத்துக்கு இரண்டே நடிகர்கள் போதும். தெருவில் செத்துக் கிடக்கும் ஒருவனுடைய பாஸ் புத்தகத்தை எடுத்துப் போட்டோவை மாற்றி ஒட்டிக்கொண்டு இன்னொருவன் பிழைக்கிறான், தன் பெயரைச் சாகக் கொடுத்துவிட்டு. துக்கம், குற்றவுணர்வு, நம்பிக்கை மூன்றும் அதில் இருக்கிறது. நிறவெறி அரசாங்கமும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் இதே காட்டுப்பள்ளியில் ஒரு வடமாநிலத் தொழிலாளி தங்குமிடத்தில் விழுந்து இறந்தார். இழப்பீடு கேட்டுக் கூடிய அவருடைய ஆட்களைக் கண்ணீர்ப்புகை போட்டுக் கலைத்தார்கள், பலரைக் கைது செய்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே எண்ணூர் அனல்மின் திட்டத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் போனார்கள், பெரும்பாலும் அசாமிலிருந்து வந்தவர்கள். இந்தச் சாவுகளுக்கு இங்கே பதினாறாம் நாள் இல்லை, மேளம் இல்லை, பெயர் சொல்லி அழ ஒரு குந்தி இல்லை. பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கருமாதிக் கூத்தை நிறுத்திவிட்டால் நம் சாவும் அந்தப் பெட்டி மாதிரிதான் சத்தமில்லாமல் போகும். இந்தக் கரைக்கு வந்திருக்கிற கம்பெனிகளுக்கு அதைவிட வசதி கிடையாது. மீன்பிடிக் குப்பத்தைப் பெயர்த்து வைத்தவர்களுக்கு ஒப்பாரியைப் பெயர்ப்பது பெரிய காரியமா?

போன வாரம் கூத்து வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். பொன்னுருவி விஷயத்தைச் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயம். பீடியை அணைத்துவிட்டு யோசித்தார்.

"கட்டியக்காரன் கேக்கலாம்மா. 'நெசமாவே தேரோட்டி புள்ளையா இருந்திருந்தா இன்னா பண்ணுவ தாயே'ன்னு கேட்டுடலாம். ஒரு நிமிசம். ஆனா அவ பதில் சொல்லணுமே? கர்ணன் அங்கியே நிக்கறான். அவனும் எதுனா சொல்லியாவணும். அதுக்கு வசனம் யாரு எழுதறது?"

நான் பதில் சொல்லவில்லை. குந்தி வேடக்காரர் பக்கத்தில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "எங்கிட்ட கேட்டா நானும் ஒன்னு சொல்லுவேன். குந்தி அழுவறப்ப வாத்தியார் பின்பாட்ட கொஞ்சம் நிறுத்தனா, புள்ளைய ஆத்துல உடச் சொன்னது யாருன்னு கேட்டுடலாம்" என்றார். வாத்தியார் அவரை முறைத்தார், பின்பாட்டை நிறுத்துவதெல்லாம் நடக்காது என்றார். அரை மணி நேரம் அந்தச் சண்டை ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வாத்தியார் வீட்டில்தான் இருப்பார், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். தங்கை வருகிறேன் என்றிருக்கிறாள். தம்பிகள் இன்னும் பதில் சொல்லவில்லை.